ஒரே ஒரு பிரதியை நம்பச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வீட்டுக் கணினிக் கோப்புகளைப் பாதுகாப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. "நல்ல நிறுவனத்தின் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, படங்களையும் ஆவணங்களையும் அதற்கு மாற்றிவிட்டு, கணினியில் இருப்பவற்றை அழித்துவிடலாம், இடமும் மிச்சம், கவலையும் இல்லை" என்று அதில் ஒரு வரி. அதை நம்பி எத்தனை வீடுகளில் அன்று மாலையே அழித்திருப்பார்களோ என்று நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாற்றி வைப்பது பாதுகாப்பு ஆகாது. நேற்று கணினியில் ஒரு பிரதி இருந்தது. இன்று டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கிறது. எண்ணிக்கை கூடவே இல்லையே! அதுவும் மேசையிலிருந்து கை தவறி விழக்கூடிய ஒரு பொருளுக்குள் அல்லவா கொண்டுபோய் வைத்திருக்கிறோம்? இவ்வளவு அடிப்படையான விஷயம் உங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் கண்ணிலுமா படவில்லை?

நான் அங் மோ கியோவில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். 1982-இல் சீகேட் என்ற அமெரிக்க ஹார்ட் டிஸ்க் நிறுவனம் இங்கே வந்தது, பின்னாலேயே மற்ற நிறுவனங்களும் வந்தன. அந்தப் பத்தாண்டுகளிலேயே உலகில் மிக அதிகமாக ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் இடமாகச் சிங்கப்பூர் ஆகிவிட்டது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடு, தூசி புகாத கிளீன் ரூமில் நின்றவர்களில் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். எல்லாச் சோதனையிலும் தேறிய டிஸ்க் அடுத்த மாதமே செத்துப்போய்த் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்திலேயே செய்யப்பட்ட இன்னொன்று பத்தாண்டு ஓடும். எது சாகும், எது ஓடும் என்று பொறியாளர்களாலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. இன்றைய டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். ஓடிக்கொண்டிருக்கும்போது கை பட்டு இடித்தாலே தலை தட்டில் உரசிவிடலாம்.

டிஸ்க் பழுதாகச் சராசரியாக ஒரு மில்லியன் மணி நேரம் என்று விளம்பரங்களில் போடுவார்கள். கணக்குப் போட்டால் 114 ஆண்டு வரும். உங்கள் கட்டுரையாளரும் அந்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். ஒரு டிஸ்க் 114 ஆண்டு உழைக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஒன்றாக ஓட்டி, அவை எல்லாம் ஓடிய நேரத்தைக் கூட்டினால் எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று பழுதாகும் என்று சொல்லும் சராசரி அது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எத்தனை போயின என்று தொடர்ந்து வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில். சின்ன எண்தான். ஆனால் அந்த ஒன்று நம் வீட்டு டிஸ்க்காக இருந்தால் நமக்கு நூற்றுக்கு நூறும் போய்விட்டது.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அந்தக் குடியிருப்பில் எடுத்த படங்கள், பொங்கல் விளையாட்டுப் போட்டிப் படங்கள், 1971-இல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பும் சமயத்துப் படங்கள் எல்லாம் ஆல்பத்தில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தன. தங்கை மகன் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தான். ஸ்கேன் ஆயிற்று என்று ஆல்பங்களைப் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் கணினி மெதுவாகிறதென்று கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்து, கணினி வேகமாகிவிட்டது என்று கையில் கொடுத்தார். சரி, வெளிப்புற டிஸ்க்கில் இருக்கிறதே என்று இருந்தார்கள். சில மாதங்களில் அது டிக், டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

உத்தரவாதம் இருந்தது. நிறுவனமும் மாற்றிக் கொடுத்தது, அதே மாடல், புத்தம் புதியது, உள்ளே ஒன்றுமில்லை. உள்ளிருக்கும் தரவுக்குப் பொறுப்பில்லை என்று படிவத்திலேயே போட்டிருக்கிறதாம். பழுதான பொருளை விற்றால் பழுதுபார்த்தோ மாற்றியோ கொடுக்கச் சொல்லும் உரிமை நமக்கு 2012 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அப்பாவின் படத்தை எந்தச் சட்டம் திருப்பிக் கொடுக்கும்? தரவு மீட்கும் இடத்தில் கேட்ட தொகைக்குப் புது மடிக்கணினியே வாங்கலாம், அதிலும் உறுதி தர மாட்டார்கள். இன்று அந்தப் படங்களில் பாதி இருக்கிறதென்றால், ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது நான் என் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு வந்ததால்தான். மீதிப் பாதியை உங்கள் கட்டுரை சொன்ன முறையில்தான் வைத்திருந்தார்கள்.

இதே பக்கத்தில் சென்ற ஆண்டு இன்னொரு கட்டுரை வந்தது. ஹார்ட் டிஸ்க்கை விட்டு, சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்குங்கள், அதில் சுழலும் பாகமே இல்லை, பழுதே ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். வேகத்துக்கு அது நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மின்சாரம் கொடுக்காமல் அலமாரியில் போட்டுவைத்தால் அதில் உள்ள தரவு மெல்ல மெல்ல மங்கும். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஓர் ஆண்டாவது தரவைக் காக்க வேண்டும் என்பதே தொழில்துறைத் தரநிலை. புதியது இன்னும் நீண்ட காலம் தாங்கும். ஆனாலும் நம் ஊர் அறையின் வெப்பம் ஆண்டு முழுக்க 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடலாமா? யுஎஸ்பி குச்சியோ 2000-இல் நம் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள், எனக்கு அதில் பெருமை உண்டு. அது எடுத்துப் போவதற்கு, பல ஆண்டு வைத்துக் காப்பதற்கு அல்ல. மலிவு விலையில் இணையத்தில் விற்கும் 2 டெராபைட் குச்சிகளில் பல உண்மையில் அதில் சிறு பங்குகூடக் கொள்ளாத போலிகள். உள்ளே போன கோப்பு திரும்பி வராது. இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருக்கும்!

அப்புறம் கிளவுட், அதாவது நம் கோப்புகளை இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் தரவு நிலையத்தில் வைப்பது. எல்லாம் கூகலில் இருக்கிறது ஆன்ட்டி என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கைப்பேசியோடு இணைந்து ஓடும் சேவையில் இங்கே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் சில வாரம் இருக்கும், பிறகு கிடையாது. 2 ஆண்டு உள்ளே நுழையாத கணக்கைக் கூகல் அழிக்கலாம் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இறந்துபோன அண்ணன் கணக்கில் இருக்கும் படங்களைப் பற்றி அண்ணிமார்களிடம் யார் சொன்னது? 2024 செப்டம்பரில் நம் லோயாங்கிலேயே தரவு நிலையம் ஒன்றில் தீப்பிடித்தது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு தரவு நிலையம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி வைக்காதவர்கள் பலர் தரவை இழந்தார்கள். லோயாங் தீக்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதிய கடிதம் வெளிவந்தது, நன்றி. ஆனால் "வேறு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள்" என்று நான் எழுதியிருந்த பத்தியை எடுத்துவிட்டிருந்தீர்கள். இடநெருக்கடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் பத்தி போனது, இன்றைக்கு இந்த வரி வருகிறது. மனது கேட்கவில்லை.

சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கருவியும் ஒருநாள் போகும், போகும்போது அடுத்த பிரதி வேறெங்காவது இருக்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று பல ஆண்டுகளாகத் துறையில் சொல்லிவரும் முறை இதுதான். கணினியில் இருப்பது ஒன்று. வெளிப்புற டிஸ்க் ஒன்று. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரியும் மேக்கில் டைம் மெஷினும் இலவசமாகவே இருக்கின்றன, பிரதி எடுப்பதை அவை பார்த்துக்கொள்ளும். மூன்றாவது கிளவுடில் இருக்கலாம், அல்லது வேறு புளோக்கில் இருக்கும் மகள் வீட்டில் இன்னொரு டிஸ்க்காக இருக்கலாம். மின்ஸ்கூட்டர் பேட்டரி வெடித்து வீடு எரிந்த செய்தியை நீங்களே எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள்! இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடலாக வாங்க வேண்டாம். ஒரே தொகுதியில் வந்த கோளாறு இரண்டையும் ஒன்றாகத் தாக்கும், இதைத் தொழிற்சாலையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரதி எடுத்ததும் கழற்றி வையுங்கள். கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். அவ்வப்போது சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி இருக்கிறது என்று எந்த நம்பிக்கையில் சொல்வது?

சமூக மன்றங்களில் மின்னிலக்கத் தூதர்கள் முதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பணம் கட்டச் சொல்லித் தருகிறார்கள், மோசடி அழைப்பு பற்றி எச்சரிக்கிறார்கள். வாழ்நாள் படங்களை எப்படிக் காப்பது என்று தமிழில் ஒருவர் எனக்கு எதிரில் சொல்லி நான் கேட்டதில்லை. 1997-இல் கணினித் தமிழுக்கென்று தமிழ்நெட் மாநாடு நடந்த ஊர் இது. நா. கோவிந்தசாமி போன்றவர்கள் கணினியில் தமிழை ஏற்ற உழைத்த ஊர். அந்தக் காலத்தில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கவிதைகளும் நாடகங்களும் சங்கக் கூட்டக் குறிப்புகளும் எத்தனை வீட்டு டிஸ்க்குகளில் கிடக்கின்றன! டிஸ்க் பிழைத்தாலும், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு அவற்றை மாற்றாவிட்டால், அந்தப் பழைய எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க முடியாது. அச்சான நூல்களுக்காவது 2015-இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் என்று ஒன்று நடந்தது, தேசிய நூலகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. வீட்டில் இருப்பதற்கு யார் பொறுப்பு? நாம் சிறிய சமூகம். நம் படங்கள் நம்மிடம் இல்லாவிட்டால் வேறு எவரிடமும் இருக்காது.

நான் கேட்பது இரண்டு. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "கணினியில் இருப்பதை அழிக்க வேண்டாம்" என்று ஒரு திருத்தம் போடுங்கள். பிரதி எடுக்கும் முறையைப் படிப்படியாக, படத்தோடு, தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். இந்த முறை மட்டும் எதையும் குறைக்காமல் போடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
ஈசூன்