கமலாவுக்குப் பிறகு யார்? கலிஃபோர்னியத் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிரீமான்ட், பிப்ரவரி 24, 2020

கலிஃபோர்னியாவில் வாக்குரிமை பெற்ற தமிழ் அன்பர்களுக்கும், குறிப்பாகச் சென்ற ஆண்டு கமலா ஹாரிஸுக்காக நேரமும் பணமும் செலவிட்டு உழைத்தவர்களுக்கும் வணக்கம்.

மார்ச் 3 அன்று நம் மாநிலம் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில், அதாவது பிரைமரியில், வாக்களிக்கிறது. அஞ்சல் வாக்குச்சீட்டுகள் மாதத் தொடக்கத்திலேயே நம் வீடுகளுக்கு வந்துவிட்டன. கோவிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் நண்பர்கள் வீட்டு விருந்துகளிலும் அண்மைக் காலமாக இரண்டு குரல்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "கமலாவே இல்லையென்று ஆகிவிட்டது, இனி யாருக்குப் போட்டால் என்ன?" என்பது ஒன்று. "டிரம்பைத் தோற்கடிக்கக்கூடியவர் யாரென்று டிவியில் சொல்லட்டும், அவருக்கே போட்டுவிடலாம்" என்பது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணங்களையும், நான் யாரை ஆதரிக்கிறேன் என்பதையும் உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

கமலாவிடம் நாம் கொண்ட பற்று இயல்பானது. அதை யாரும் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. சென்னையில் பிறந்து, 1958-இல் பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்க வந்து, மார்பகப் புற்றுநோய் ஆய்வாளராக வாழ்ந்து மறைந்த ஷியாமளா கோபாலனின் மகள் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டதைப் பார்த்தபோது, நம் வீட்டுப் பிள்ளை மேடையேறியதைப் போன்ற பெருமிதம் நமக்கு வந்தது. 2019 ஜனவரி 27 அன்று ஓக்லண்ட் நகர மன்றத்தின் முன் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய அந்தத் தொடக்கக் கூட்டத்தில் உங்களில் சிலரும் இருந்தீர்கள். டிசம்பர் 3 அன்று, பிரச்சாரத்தைத் தொடரப் பணமில்லை என்று சொல்லி அவர் விலகினார். இன்றுவரை வேறெவரையும் அவர் கைகாட்டவில்லை. அவருடைய பெயர் நம் வாக்குச்சீட்டிலும் இல்லை. ஆகவே முடிவு நம்முடையதாகிவிட்டது.

பிறப்பையும் ஊரையும் அளவுகோலாக வைத்துத் தேட முனைந்தால் எங்கே போய் நிற்போம் என்று எண்ணிப் பாருங்கள். சென்னையில் பிறந்த கீழவை உறுப்பினர் பிரமிளா ஜெயபால் சென்ற மாதம் வேட்பாளர்களில் ஒருவரான பெர்னி சாண்டர்ஸை ஆதரித்தார். ஃபிரீமான்ட்டின் ஒரு பகுதியும் சன்னிவேலும் குப்பர்டினோவும் அடங்கிய நம் தொகுதியின் உறுப்பினர் ரோ கன்னா, அதே சாண்டர்ஸின் பிரச்சார இணைத்தலைவர்களில் ஒருவர். அதற்காகவே சாண்டர்ஸுக்கு வாக்களிப்பதும், இந்தியாவைப் பற்றி அவர் கடுமையாகப் பேசினார் என்பதற்காகவே அவரைத் தள்ளுவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள் என்பேன். இன்று அகமதாபாதில் ஒரு லட்சம் பேர் நடுவே அதிபர் டிரம்ப் கையசைத்ததைப் பார்த்து மனம் இளகியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நாம் வாழும் இந்த நாட்டில் நம் பெற்றோரின் மருத்துவத்தையும் நம் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் யார் எப்படிக் கையாள்வார் என்பதற்கு அந்தக் கையசைப்பு விடையாகாது.

கமலாவை நாம் ஆதரித்ததற்குக் காரணங்கள் இருந்தன அல்லவா? அவற்றை எடுத்துக்கொண்டு பிற வேட்பாளர்களிடம் போவோம். முதலாவது, இங்கே நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் கிரீன் கார்டுக்கான வரிசை. ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு ஏழு விழுக்காட்டுக்கு மேல் தரக்கூடாது என்ற உச்சவரம்பினால் நம் தம்பி தங்கைகள் பல்லாண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். அதை நீக்கும் மசோதாவை செனட்டில் குடியரசுக் கட்சியின் மைக் லீயுடன் சேர்ந்து முன்னெடுத்தவர் கமலா. கீழவையில் அதன் இணை மசோதா 2019 ஜூலையில் 365-க்கு 65 என்ற வாக்குகளில் நிறைவேறியும், செனட்டில் இன்னும் முடங்கிக் கிடக்கிறது. இதில் ஓர் உண்மையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த உச்சவரம்பு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், எந்த அதிபரும் கையெழுத்து ஒன்றால் அதை மாற்ற முடியாது. அதிபரால் முடிவது வேறு. எச்-1பி என்ற வேலை விசாவில் வந்த பணியாளரின் துணைவருக்கு வேலை அனுமதி தந்த 2015-ஆம் ஆண்டு விதியைக் காப்பதும் கைவிடுவதும் வெள்ளை மாளிகையின் கையில் இருக்கிறது. அதை விலக்கிக்கொள்ளப் போவதாக இன்றைய நிர்வாகம் தொடர்ந்து சொல்லி வருகிறது. தாங்கள் இன்னும் குடியுரிமை பெறாததால் வாக்களிக்க முடியாத எத்தனையோ தமிழ்ப் பெண்களின் வேலை இதில் அடங்கியிருக்கிறது.

சாண்டர்ஸின் கடந்த காலத்தைச் சிலர் இங்கே நினைவூட்டுகிறார்கள். வெளிநாட்டுத் தற்காலிகப் பணியாளர் திட்டங்கள் உள்ளூர்க் கூலியைக் குறைக்கும் என்று சொல்லி 2007-இல் அவர் குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை எதிர்த்தார் என்பது மெய். 2013-இல் வந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார் என்பதும் மெய். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது முறையல்ல.

இரண்டாவது காரணம் மருத்துவக் காப்பீடு. இதில்தான் வேட்பாளர்களின் வேறுபாடு உண்மையில் பெரியது. குடியுரிமை பெற்ற நம்மில் பலர் வயதான பெற்றோரை கிரீன் கார்டில் அழைத்து வருகிறோம். அறுபத்தைந்து வயதைக் கடந்திருந்தாலும் அவர்கள் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர இந்நாட்டில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். அதன் பின்னரும், இங்கே வேலை செய்து வரி கட்டிய ஆண்டுகள் இல்லாததால், மருத்துவமனைச் செலவுக்கான பகுதிக்கு மட்டும் இவ்வாண்டுக் கணக்கில் ஒருவருக்கு மாதம் 458 டாலர் கட்ட வேண்டியிருக்கும். தாய், தந்தை இருவருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குப் பதினோராயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவு. மருத்துவருக்கும் மருந்துக்கும் தனி. இந்தப் பக்கம், நமக்கிருக்கும் காப்பீடோ வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீட்டில் அத்தனை பேருக்கும் காப்பீடு போகிறது.

சாண்டர்ஸின் மசோதா, நான்கு ஆண்டுகளில் இந்நாட்டில் வசிக்கும் எல்லோரையும் ஒரே அரசுக் காப்பீட்டில் கொண்டு வந்து, அதே பலன்களைத் தரும் தனியார் காப்பீட்டை முற்றிலும் நீக்கிவிடும். ஜோ பைடன், ஒபாமா காலத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டு, விரும்புகிறவர்கள் வாங்கிக்கொள்ளும் அரசுக் காப்பீடு ஒன்றை அதனோடு சேர்க்க விரும்புகிறார். எலிசபெத் வாரன் சாண்டர்ஸின் மசோதாவுக்கு ஆதரவாளராக இருந்தும், முதலில் விருப்பக் காப்பீடு, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் முழு மாற்றத்துக்கான சட்டம் என்று இரண்டு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார். கமலா முன்வைத்த திட்டமும், பத்து ஆண்டுக் கால அவகாசத்தோடு, ஏறத்தாழ இந்த நடுவழியில்தான் இருந்தது. வாரன் இப்படிப் படிகளாகப் பிரித்ததைப் பின்வாங்கல் என்று பலர் சாடினார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. செனட்டில் போதிய வாக்குகள் இல்லாத நிலையில், முதல் ஆண்டில் முடிவது எது, முடியாதது எது என்று முன்கூட்டியே மக்களிடம் சொல்லிவிடுவது நேர்மை என்றே கருதுகிறேன்.

பைடனைப் பற்றி ஒரு சொல். எட்டு ஆண்டுகள் துணை அதிபராக இருந்தவர், பண்பாளர், சொந்த வாழ்வின் பெருந்துயரங்களைச் சுமந்தவர். ஆனாலும் 2002-இல் ஈராக் போருக்கு அனுமதி தந்து வாக்களித்தார். 2005-இல் கடனாளிகளை நெருக்கிய திவால் சட்டத்துக்குத் துணை நின்றார். அந்தச் சட்டத்தை எதிர்த்து அவரோடு நேருக்கு நேர் வாதாடிய சட்டப் பேராசிரியர்தான் வாரன். பிறகு 2008-இன் நிதி நெருக்கடி வந்தபோது, வங்கிகளிடமிருந்து சாதாரண மக்களைக் காக்க ஒரு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என்ற தன் யோசனையை 2010-இல் சட்டமாக்க வைத்து, அதை நிறுவும் பணியையும் அவரே செய்தார். ஒரு கருத்தை ஒரு அலுவலகமாகவும் அதன் ஊழியர்களாகவும் மாற்றிக் காட்டியவர் இந்தப் போட்டியில் அவரைப் போல் வேறொருவர் இல்லை. என் வாக்கு அவருக்கு என்பதற்கு இதுவே முதல் காரணம். குழந்தைக் காப்பகச் செலவுக்கான அவருடைய திட்டமும், ஐந்து கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு இரண்டு விழுக்காடு வரி என்ற முன்மொழிவும் அடுத்தவை.

மைக்கேல் புளூம்பெர்க்கைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. முதலில் வாக்களிக்கும் நான்கு மாநிலங்களில் மக்களைச் சந்திக்காமல், சொந்தப் பணத்தில் கோடிக்கணக்கான டாலரை விளம்பரத்தில் கொட்டுகிறவரை நம் கட்சி ஏற்றால், அதற்குப் பின் பணமில்லாமல் விலகிய கமலாவைப் பற்றி வருந்தும் உரிமையும் நமக்கு இராது. பீட் புட்டிஜெஜ், ஏமி குளோபுசார் இருவரும் திறமையானவர்கள். ஆயினும் பைடன் சொல்வதிலிருந்து அவர்கள் பெரிதாக மாறுபடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி வெற்றி வாய்ப்பைப் பற்றி. டிரம்பை வெல்வது எனக்கும் முதன்மையானதே. ஆனால் யாரால் வெல்ல முடியும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும் என்ற நம்பிக்கை பலமுறை பொய்த்திருக்கிறது. போர் வீரரென்ற முறையில் வெல்லக்கூடியவர் என்று 2004-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜான் கெர்ரி தோற்றார். கறுப்பினத்தவர் ஒருவரை இந்நாடு ஏற்காது என்று 2008-இல் சொன்னவர்கள் ஏராளம். ஒபாமா இருமுறை வென்றார். டிரம்பால் வெல்லவே முடியாது என்று 2016-இல் கேட்டோம். ஒரு பெண்ணால் முடியாது என்று இப்போது வாரனைப் பற்றிச் சொல்லப்படுவதை, கமலாவைப் பற்றியும் சென்ற ஆண்டு சொன்னார்கள் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்தவர் என்ன நினைப்பார் என்று ஒவ்வொருவரும் ஊகித்து வாக்களித்தால், உண்மையில் மக்கள் விரும்புவது யாரை என்பது கட்சிக்குத் தெரியாமலேயே போகும்.

இருந்தும் கணக்கைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை, ஏனெனில் இத்தேர்தலின் விதி இரக்கமற்றது. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் போகும் கலிஃபோர்னியாவின் 415 பிரதிநிதிகளில் 144 பேர் மாநில அளவிலும், எஞ்சிய 271 பேர் 53 தொகுதிகளில் தொகுதிக்கு 4 முதல் 7 வரையிலும் பங்கிடப்படுகிறார்கள். இரண்டு நிலைகளிலும் 15 விழுக்காட்டை எட்டாதவருக்கு ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார். அந்த இடங்கள் எட்டியவர்களிடையே பிரியும். வாரன் அயோவாவில் மூன்றாவதாக வந்தார். நியூ ஹாம்ப்ஷயரிலோ 15 விழுக்காட்டை எட்டாமல் வெறுங்கையோடு திரும்பினார். நெவாடாவில் சாண்டர்ஸ் பெருவெற்றி பெற, இவர் நான்காவதாக நின்றார். இதை மறைத்து உங்களிடம் வாக்குக் கேட்பது சரியாகாது. மாநில அளவில் அவர் எல்லைக்கோட்டுக்கு அருகில் தடுமாறக்கூடும். ஆனால் படித்த குடும்பங்கள் நிறைந்த நம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தொகுதிகளில் அவர் அதைத் தாண்டும் வாய்ப்பு கூடுதல் என்று நம்புகிறேன். அங்கே நம் நூறு வாக்குகளுக்கும் எடை உண்டு.

ஆகவே வாக்குச்சீட்டை இன்னும் அனுப்பாதவர்கள் ஐந்தாறு நாள்கள் பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அனுப்பிய வாக்கைத் திரும்பப் பெற வழியில்லை. பிப்ரவரி 11 அன்று விலகிய ஆண்ட்ரூ யாங்கின் பெயர் இன்னும் நம் சீட்டில் இருக்கிறது. அதற்கு முன்பே அவருக்கு வாக்களித்து அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். நாளை இரவு சார்ல்ஸ்டனில் விவாதம். சனிக்கிழமை தென் கரோலினாவில் வாக்குப்பதிவு. இக்கட்சியைத் தோளில் சுமந்து வரும் கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வாக்களிக்கும் முதல் மாநிலம் அது. அவர்களுடைய தீர்ப்பைக் கேட்ட பிறகு முடிவெடுப்பது முறை; அதற்குள் வேறு சிலரும் விலகக்கூடும். 2016-இல் நாம் ஜூன் 7 அன்று வாக்களிப்பதற்கு முந்தைய நாளே ஹிலாரி கிளிண்டன் வென்றுவிட்டார் என்று செய்தி வந்ததே, அந்தக் குறையைப் போக்கத்தான் நம் தேர்தல் மார்ச் மாதத்துக்குக் கொண்டுவரப்பட்டது. கிடைத்த வாய்ப்பை அவசரத்தில் இழக்க வேண்டாம்.

எந்தக் கட்சியும் சாராதவராகப் பதிவு செய்துள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மவர்களில் இத்தகையோர் பலர். உங்களுக்கு வந்த அஞ்சல் சீட்டில் அதிபர் வேட்பாளர் பகுதியே இராது. ஜனநாயகக் கட்சியின் சீட்டைத் தாருங்கள் என்று நீங்களே கேட்டுப் பெற வேண்டும். கையிலுள்ள சீட்டை நிரப்பாமல் வாக்கு மையத்துக்கு எடுத்துச் சென்று மாற்றிக்கொள்ளலாம். சாண்டா கிளாரா கவுண்டியில் மையங்கள் சென்ற சனிக்கிழமையிலிருந்தே திறந்திருக்கின்றன. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சீட்டை நிரப்பி, உறையின் மேல் மறவாமல் கையொப்பமிட்டு, மார்ச் 3-க்குள் அஞ்சல் முத்திரை விழும்படி அனுப்பினாலோ, மையத்தில் நேரில் சேர்த்தாலோ போதும்.

தென் கரோலினா முடிவுக்குப் பிறகும் வாரன் போட்டியில் இருந்தால் அவருக்கு வாக்களியுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் விலகிவிட்டால், பெற்றோரின் காப்பீட்டை நினைத்து சாண்டர்ஸுக்கு வாக்களிப்பேன். பைடனைத் தேர்ந்தெடுக்கும் நண்பர்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஜூலையில் கட்சி யாரை நிறுத்தினாலும் நவம்பரில் அவருக்காக உங்களோடு வீடு வீடாக வருவேன்.

அன்புடன்,
ஃபிரீமான்ட்டிலிருந்து ஒரு வாக்காளர்