தாடியிடம் மட்டும் கொடுத்துவிடாதே

அன்புள்ள நண்பா,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு நீ திட்டுவாய், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவன் இன்னும் அப்படியேதான் இருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுவர் மேல்திட்டில் வைத்த படரும் ரோஸ்மேரி, அதான் சமையலில் வாசனைக்குப் போடும் செடி, இப்போது விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்குகிறது. நிமிர்ந்து வளரும் ரகம் மாதிரி இது ஆள் உயரத்துக்குப் போகாது. முழங்கால் அளவோடு நின்றுகொண்டு பக்கவாட்டில் மட்டும் பரவும், நுனிகள் மட்டும் லேசாக மேலே வளைந்திருக்கும். வெளிர்நீலப் பூ விட்டால் தேனீக்கள் விடுவதில்லை. ஓர் இலையைக் கிள்ளிப் புரட்டிப் பார்த்தேன். ஓரங்கள் இரண்டும் அடிப்பக்கமாகச் சுருண்டு, நடுவே வெள்ளையாகப் பஞ்சுபோல ரோமம். ஈரம் ஆவியாகிப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. மத்தியதரைக் கடலோரப் பாறைச் சரிவுகளில் காய்ந்து பழகிய செடி அல்லவா!

இது தெரியாமல் நம் நண்பன் தாடி, ஓட்டையில்லாத தொட்டியில் வைத்துத் தினமும் குளிப்பாட்டியிருக்கிறான். வேர் அழுகினாலும் செடி வாடத்தான் செய்யும். வாடுகிறதே என்று இன்னும் இரண்டு குவளை ஊற்றினானாம். கேட்டால் கை ராசியில்லை என்கிறான்!

அப்புறம், ரோஸ்மேரிக்கும் சால்வியா என்ற பூச்செடிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று பந்தயம் கட்டினாயே, நினைவிருக்கிறதா? 2017-இல் ஆய்வாளர்கள் ரோஸ்மேரியைச் சால்வியா பேரினத்திலேயே, அதாவது அதன் நெருங்கிய சொந்தக்காரச் செடிகளின் கூட்டத்திலேயே, சேர்த்துவிட்டார்கள். பாக்கியை எடுத்து வை.

இவ்வளவும் எதற்கென்றால், தங்கச்சி போன் பண்ணினாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தோட்டத்துப் பக்கமே நீ எட்டிப் பார்ப்பதில்லையாம். குனிய முடியாதவனுக்குத் தோட்டம் எதற்கு என்றாயாம். எனக்குச் சுருக்கென்றது. குனியச் சொல்லி யார் கேட்டது? உன் வீட்டுத் திண்டு இடுப்பளவு இருக்கிறதே, அதன் மேல் மண் கொட்டியிருக்கும் இடம் போதும். ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். மண்ணில் மணலும் பொடிக்கல்லும் தாராளமாகக் கலந்துகொள், தண்ணீர் தேங்கவே கூடாது. உரம் என்று ஒன்றும் போடாதே. வேர் பிடிக்கும்வரை அவ்வப்போது ஊற்று. பிறகு விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. நின்றபடியே நுனிகளைக் கத்தரிக்கலாம். இலையில்லாத பழங்கட்டை வரை வெட்டிவிடாதே, பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது.

மண்ணில் படிந்த கிளையொன்று தானாகவே வேர்விட்டிருக்கிறது. அதை வெட்டியெடுத்துத் தொட்டியில் வைத்திருக்கிறேன். புதுத்துளிர் வந்ததும் கொண்டுவருகிறேன். அதற்குள் திண்டு மண்ணைக் கிளறி வை, சின்னவனைக் கூட அனுப்புகிறேன். பட்டாளத்தோடு வருகிறோம் என்று தங்கச்சியிடமும் சொல்லிவிடு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்