ஒரே ஷூ, ஒவ்வொரு தளத்திலும் ஒரு விவரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். சின்னவள் காட்பாடியில் கல்லூரி சேர்ந்துவிட்டாள். வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூர் பனியனை எந்த ஆன்லைன் தளத்தில் போட்டாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக விவரம் கேட்கிறது, எதை வைத்து ஒத்துப்பார்ப்பது என்கிறாய். ஆம்பூர் ஷூவோடு நானும் அதே மல்லுக்கட்டுதான்.

இப்போது என் மேஜையில் ஒரு ஷூ இருக்கிறது. முன்பக்கமும் குதிகாலும் தோல், பக்கவாட்டில் கேன்வாஸ். ஒரு தளம் ‘மெட்டீரியல்’ என்று ஒரே கட்டம் தருகிறது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இன்னொன்று அப்பர் (பாதத்தை மூடும் மேல்பகுதி), லைனிங் (உள்பக்கம்), சோல் (அடிப்பாகம்) மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. சரக்கு எந்த வகை என்று காட்ட பில்லில் போடும் எச்.எஸ்.என். எண்ணுக்கோ, அப்பரின் வெளிப்பரப்பில் எது அதிகம் என்பதுதான் கணக்கு: தோல் அதிகம் என்றால் 6403, துணி அதிகம் என்றால் 6404. ஆக, மூன்று இடத்திலும் ‘தோல்’ என்றே எழுதினாலும் மூன்றும் ஒரே பதில் இல்லை.

அதனால் ஒரு தளத்தின் விவரத்தை எடுத்து இன்னொன்றில் ஒட்டாதே. விரிவான விவரத்திலிருந்து சுருக்கத்தை எடுக்கலாம். சுருக்கத்திலிருந்து விரிவை எடுக்க முடியாது. பொருளையே கையில் வைத்துப் பார்த்து, எந்தத் தளமும் கேட்காததையும் சேர்த்து, உன் எக்செல்லில் முதலில் எழுதிவை. தளங்களுக்குப் போவதெல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

எங்களுக்குப் பெரிய தலைவலி சைஸ். யு.கே. சைஸ் ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.47 மி.மீ. ஐரோப்பிய சைஸில் சுமார் 6.67 மி.மீ. தாவும் அளவே வேறு என்பதால் எந்த அட்டவணையும் கச்சிதமாகப் பொருந்தாது. யு.கே. 8-க்கு ஒரு அட்டவணை 42 என்னும், இன்னொன்று 42.5 என்னும். வாங்குகிறவர் பாவம், எதை நம்புவார்? போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார். இப்போது பாத நீளத்தை மி.மீட்டரில் வைத்துக்கொண்டு, அதிலிருந்துதான் மற்ற சைஸ்களைப் போடுகிறோம். நீயும் ‘எல்’, ‘எக்ஸ்எல்’ என்பதை நம்பாதே; மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எழுது.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தது, 2019-இல் வேலூர் பிரிந்தது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். சில தளங்களில் இன்னும் வேலூர்தான். போதாததற்குச் சிவகங்கைப் பக்கமும் ஒரு திருப்பத்தூர். பின்கோடு 635802-ஐ வைத்துத்தான் சரிபார்க்கிறோம்.

பார்கோடு எண்ணை எல்லா வரியிலும் போடு. நம் ஊரில் வாங்குவது 890 என்று தொடங்கும். ஒவ்வொரு சைஸுக்கும் நிறத்துக்கும் தனி எண். இரண்டு தளத்தில் இருப்பதும் ஒரே சரக்குதானா என்பதை அது சொல்லிவிடும். தலைப்பை வைத்து ஒப்பிட்டால் ஒரே நிற ஷூவே ‘டான்’ என்று ஒன்று, ‘பிரவுன்’ என்று இன்னொன்று ஆகிவிடும்.

உலகம் முழுக்க ஒரே வகைப்பாடு வந்தால் போதும் என்று உன் தம்பி சொல்கிறாராமே. யு.என்.எஸ்.பி.எஸ்.சி. என்று எட்டு இலக்கத்தில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது சரக்கு எந்த அலமாரி என்று சொல்லும்; லைனிங் தோலா, ரெக்ஸினா என்று சொல்லாது. அதை ஷூவைச் செய்தவர்தான் சொல்ல வேண்டும். தோலை வெட்டி, மடித்து, தைத்த ஷூ ஒரு தளத்தில் ‘சிந்தெடிக்’ என்று நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

உன் பனியன் விவரத் தலைப்புகளை, ஜி.எஸ்.எம். (துணியின் எடை), நூல் கவுண்ட் (நூலின் மென்மை அளவு) எல்லாம் சேர்த்து, அனுப்பிவை. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கு வருவாய்தானே? லேப்டாப்பையும் எடுத்து வா, உட்கார்ந்து முடித்துவிடலாம்.

அன்புடன்,
உன் வேலூர் நண்பன்