கோகோபீட் கட்டி மேல இசி அளவை அச்சடிக்கச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டு மாடியில ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லா விவசாயம் போடுறதப் பத்தி ஒரு முழுப்பக்கம் வந்திருந்துச்சு. பைப், மோட்டார், சத்துக் கரைசல் எல்லாம் விளக்கமாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா வேர் எதுல உக்காரப் போகுதோ அந்த மீடியத்துக்கு மட்டும் கோகோபீட்டோ (தேங்காய் மட்டைத் தூள்) சுட்ட களிமண் உருண்டையோ எதையாவது போட்டுக்கலாம்னு ஒத்த வரியில முடிச்சுட்டாங்க. அப்படி எதையாவது போட முடியாதுங்க. மாடியில கிட் வாங்கி வச்சுட்டு ஆறு மாசத்துல மூட்டை கட்டிப் போடுறவங்கள்ல நிறையப் பேருக்கு பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது.

மண்ணில்லா விவசாயத்துல மீடியம் செடிக்கு சோறு போடுறதுக்கு இல்ல. செடி சாயாம நிக்கணும், வேருக்குத் தண்ணியும் கிடைக்கணும் காத்தும் கிடைக்கணும், அவ்வளவுதான் அதோட வேலை. அதனால முதல்ல பாக்க வேண்டியது உங்க செட்டப் என்னன்னுதான். பைப்புக்குள்ள எந்நேரமும் மெல்லிசா தண்ணி ஓடுற என்.எஃப்.டி. முறையில கோகோபீட்ட நெட் பாட்ல (ஓட்டை ஓட்டையா இருக்கிற சின்னத் தொட்டி) அப்படியே ரொப்புனா, தூள் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு டேங்குக்கு வந்து மோட்டார் வாயை அடைச்சுக்கும், போதாக்குறைக்கு வேர் எப்பவும் நனைஞ்சே கிடந்து அழுகும். அங்க கீரைக்கும் லெட்யூஸுக்கும் நடுவுல கீறல் போட்ட ஒரு இஞ்ச் ஸ்பாஞ்ச் துண்டும் சுத்தி நாலு களிமண் உருண்டையும் போதும். அதே உருண்டைய டச் பக்கெட்ல, அதாவது சொட்டுநீர் விடுற தனித்தனி வாளியில போட்டு தக்காளி வச்சீங்கன்னா கதை வேற, அது தண்ணிய ரொம்ப நேரம் பிடிச்சு வைக்காது, மே மாசத்துல கரண்டு போய் சொட்டுநீர் ரெண்டு மணி நேரம் நின்னா செடி தலையத் தொங்கப் போட்டுடும். பக்கெட்டுக்கு கோகோபீட்டும் பெர்லைட்டும் கலந்ததுதான் நம்ம வெயிலுக்கு ஒத்துவரும்.

இப்ப கோகோபீட்டுக்கு வர்றேன், நான் எழுதுறதே அதுக்குத்தான். பொள்ளாச்சி பக்கம் தேங்காய் மட்டையில நார் உரிச்சதுக்கு அப்புறம் மிஞ்சுற தூள்தான் இது, அஞ்சு கிலோ கட்டியா அமுக்கி விக்கிறாங்க, தண்ணி ஊத்துனா அறுபது லிட்டருக்கு மேல உப்பி வரும். மட்டையில இயல்பாவே பொட்டாசியமும் குளோரைடும் நிறைய இருக்கு, உப்புத்தண்ணியில ஊறப்போட்ட மட்டைன்னா சோடியமும் சேர்ந்துக்கும். தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுறதுதான் இசி. வெளிநாட்டுக்குப் போற சரக்குல லோ இசி, ஹை இசின்னு தரம் பிரிச்சுத்தான் பேசுவாங்க, செ.மீ.க்கு 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழ இருந்தாத்தான் லோ இசி கணக்கு. அதே ஊர்ல இருந்து நம்ம தெரு நர்சரிக்கு வர்ற கட்டியத் திருப்பித் திருப்பிப் பாருங்க, ஒரு தென்னைமரப் படம் இருக்கும், நூறு சதவீதம் இயற்கைன்னு இருக்கும், கழுவுனதா கழுவாததான்னு ஒரு வார்த்தை இருக்காது. கடைக்காரர்கிட்ட கேட்டா நல்ல பீட்டுதான் சார்ங்கிறார்.

மாடித்தோட்டத்துல மண்ணும் தொழுவுரமும் கலந்து வைக்கிறவங்களுக்கு இது பெருசாத் தெரியாது, ஹைட்ரோபோனிக்ஸ்ல உடனே தெரியும். அதனால கட்டிய ஊறவச்சு உதிர்த்ததும் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் புழிங்க, விரல் இடுக்குல வடியுற தண்ணி டிக்காஷன் கலர்ல இருக்கும், அத ஒரு டம்ளர்ல பிடிச்சு வாட்டர் ஃபில்டர்காரங்க வச்சிருக்கிற அதே டிடிஎஸ் பேனாவ (கரைஞ்ச உப்பை பிபிஎம் கணக்குல காட்டுறது) விட்டுப் பாருங்க. ஆயிரத்துக்கு மேல காட்டுனா அலசிக் கொட்டிட்டு மறுபடி புழிஞ்சு பாருங்க, 500க்குக் கீழ வர்ற வரைக்கும் விடாதீங்க. சென்னை புறநகர்ல பல இடத்துல போர் தண்ணியே ஆயிரத்தத் தாண்டும், அதுல எத்தனை தடவை அலசுனாலும் அதுக்குக் கீழ எப்படி இறங்கும்? மழைத்தண்ணி பிடிச்சு வச்சா இதுக்கு உதவும். ஆர்.ஓ. ரிஜெக்ட் தண்ணிய மட்டும் இந்தப் பக்கமே கொண்டு வராதீங்க. அலசுன தண்ணிய கீழ தென்னை இருந்தா ஊத்திடலாம், பொட்டாசியமும் குளோரைடும் தென்னைக்கு வேண்டியதுதான்.

அலசுறதோட முடியல. கரைஞ்ச உப்புதான் தண்ணியில போகும், தூள் மேல ஒட்டியிருக்கிற பொட்டாசியமும் சோடியமும் அப்படியேதான் இருக்கும், அத கால்சியம் வந்துதான் தள்ளிட்டு அந்த எடத்தப் பிடிக்கணும். லிட்டருக்கு ரெண்டு கிராம் கணக்குல கால்சியம் நைட்ரேட் கரைச்சு ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில வடிச்சு ஒருக்கா அலசிட்டு அப்புறம் செடி வைங்க. இத விட்டுட்டா செடிக்குன்னு நீங்க ஊத்துற கால்சியத்த பீட் வாங்கி வச்சுக்கும். தக்காளி அடிப்பக்கம் கருத்து அமுங்கிப் போகுதே, பெரும்பாலும் அது நோயே இல்ல, காய்க்குக் கால்சியம் போய்ச் சேரல, ஆனா ஜனங்க பூஞ்சாண மருந்து வாங்கி அடிச்சுட்டு இருப்பாங்க.

மத்ததெல்லாம் இவ்வளவு ரோதனை இல்ல. பெர்லைட் எரிமலைக் கண்ணாடிய சூடாக்கிப் பொரிய வச்சது, மூட்டையப் பிரிக்கும்போதே தண்ணி தெளிச்சுக்கோங்க, மாஸ்க் போட்டுக்கோங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. தண்ணி ஏறி இறங்குற தொட்டியில மிதந்து போயிடும், அங்க வேண்டாம். ராக்வூல் பாறைய உருக்கி நூலா இழுத்தது, நாத்துக்கு அருமைதான், ஆனா பிஎச் (புளிப்பா காரமான்னு காட்டுற அளவு) ஏறி இருக்கும், பிஎச் 5.5 இருக்கிற தண்ணியில ஊறப்போடணும், விலையும் ஜாஸ்தி, குப்பைக்குப் போனா மக்கவே மக்காது, நார்க்கழிவு குவிஞ்சு கிடக்கிற ஊர்ல அது எதுக்குன்னு எனக்குத் தோணும். காசு பாக்குறவங்க சின்ன கருங்கல் ஜல்லி கூட போடலாம், கனம் தாங்குற மாடியான்னு பாத்துக்கோங்க. நாலு கல்லு மேல வினிகர் விட்டு நுரைக்குதான்னும் பாருங்க, நுரைச்சா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம், பிஎச் ஏறிட்டே இருக்கும். கலவை ஒட்டுன பழைய செங்கல் துண்டும் அதே கதைதான்.

உங்க பேப்பர்கிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். உரமூட்டையில சத்து சதவீதம் போடுற மாதிரி, கோகோபீட் கட்டியிலயும் இசி எவ்வளவு, ஒரு பங்கு பீட்டுக்கு எத்தனை பங்கு தண்ணி ஊத்தி அளந்தது, கழுவுனதா, கால்சியம் ஏத்துனதா, இந்த நாலையும் போடச் சொல்லி எழுதுங்க. ஏத்துமதிக்கு அளக்குற மீட்டர் ஏற்கனவே மில்லுலதான் இருக்கு, உள்ளூர் மூட்டைக்கும் அதையே ஒருக்கா விட்டா என்ன செலவாகப் போகுது? அடுத்த இணைப்புல பொள்ளாச்சி மில்லுக்காரங்க ரெண்டு பேர்கிட்ட இதக் கேட்டுப் போட்டீங்கன்னா எங்கள மாதிரி மாடிக்காரங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை