செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருடம் முழுக்க ஜதான்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். 1901ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சங்கச் சட்டப்படி பாரிஸ் புறநகரில் பதிந்த சின்னச் சங்கம்தான் நம்முடையது என்றாலும் பொதுக்கூட்டத்தில் அறிக்கை வாசித்தாக வேண்டும். கணக்கைப் பொருளாளர் தனியாகச் சொல்வார், பெரிதாக ஒன்றும் இல்லை. மண்டபத்தில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் வேலை செய்யாததை எல்லோரும் அனுபவித்துவிட்டீர்கள், அதையும் விடுவோம்.

போன பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தபடி பிரெஞ்சு இசையமைப்பாளர் யாசந்த் ஜதானின் ஓபஸ் 2 (அவருடைய இரண்டாவது வெளியீட்டுத் தொகுப்பு), அதில் முதலாவது குவார்ட்டெட்டை, அதாவது இரண்டு வயலின், வயோலா, செல்லோ என்று நால்வர் வாசிக்கும் படைப்பை எடுத்தோம். சுருதி மி பெமோல் மேஜர் (E flat major), வருடம் 1796. 'யார் இவர்?' என்று பலர் கேட்டதால் சுருக்கமாக: 1776இல் வெர்சாயில் பிறந்தவர், அப்பா அரச தேவாலயத்தில் பசூன் என்ற ஊதுகருவி வாசித்தவர், புரட்சியில் அந்த உலகமே போய்விட்டது. 1795இல் பாரிஸ் கொன்செர்வத்துவார் என்ற இசைக் கல்லூரி தொடங்கியபோதே அங்கே பியானோ ஆசிரியர், அதே வருடம் ஓபஸ் 1ஐ அக்காலத்துப் பெரிய இசையமைப்பாளர் ஹைடனுக்குச் சமர்ப்பித்தார். 1800இல் காசநோயில் இறந்தபோது வயது 24. அதற்குள் 12 குவார்ட்டெட்! புரட்சி அரசின் காகிதப் பணம் மதிப்பிழந்து கிடந்த வருடமும் 1796தான், அந்த நேரத்தில் இசைத்தாள் வாங்கியவர்கள் யாரோ.

அப்புறம் நம் பெரிய சண்டை. தொடக்கத்து லார்கோவை, அந்த மெதுவான பகுதியைக் கேட்டதும் மூத்த உறுப்பினர் ஒருவர் 'இது மொசார்ட்டைப் பார்த்து அடித்த கொப்பி' என்று சொல்லிவிட்டார், பாதிப் பேர் அவர் பக்கம். சரி, மொசார்ட்டின் 1785ஆம் ஆண்டு 'டிஸ்ஸொனன்ஸ்' (ஒவ்வாத ஒலிகள்) குவார்ட்டெட்டையும் போட்டுக் கேட்டோம். அதில் செல்லோ தோ (C) ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க, வயோலா லா பெமோலில், அதாவது அரைச் சுரம் இறங்கிய லாவில் (A flat) நுழைகிறது, சற்று நேரத்தில் முதல் வயலின் சாதாரண லாவோடு (A) வந்து உரசுகிறது, கேட்டால் பல் கூசும். ஜதான் அந்தத் தடுமாற்றத்தை அறிந்தே எடுத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் லார்கோ முடிந்து வேகமான அலெக்ரோ வந்ததும் அவர் போகும் பாதை வேறு, அமைதியான, பாட்டுப் போன்ற பாதை, எனக்கு அதில் மொசார்ட்டைவிடப் பின்னால் வரவிருந்த சூபர்ட்தான் அதிகம் கேட்கிறார். இருபது வயதுப் பையன் பெரியவருக்கு வணக்கம் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறான், அதைக் கொப்பி என்று நான் எழுத மாட்டேன். அறிக்கை எழுதுகிறவன் நான், ஆகவே பதிவேட்டில் இப்படியே இருக்கும்.

நம் பிள்ளைகள் வாசித்ததும் நன்றாகவே வந்தது. அக்காலத்தில் குவார்ட்டெட்டை நால்வரின் பகுதியும் ஒன்றாக இருக்கும் முழு ஸ்கோராக அச்சிடும் வழக்கம் இல்லை, நால்வருக்கும் தனித்தனித் தாள்தான், ஆகவே நம் பிள்ளைகளுக்கும் அப்படியே கொடுத்தோம். இரண்டாம் வயலின் வாசித்த தங்கச்சி, செல்லோக்காரரின் வில்லைப் பார்த்தே தன் இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வரும் வருடத்துக்கு ஓபஸ் 1இன் மூன்றாவது, ஃபா மைனரில் உள்ளதை நிர்வாகக் குழு முன்மொழிகிறது. வயோலா வாசித்த தம்பி படிப்புக்காக லியோனுக்குப் போகிறார், வேறு யாராவது இருந்தால் செப்டம்பருக்குள் சொல்லுங்கள்.

செயலாளர்