சி.என்.ஆர். ராவின் பணியைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேராசிரியர் சி.என்.ஆர். ராவ் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒரு வேதியியலாளருக்கு இத்தனை பக்கங்களை ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அக்கட்டுரை, அவர் பெற்ற விருதுகளையும் கௌரவ டாக்டர் பட்டங்களையும் 1500-ஐத் தாண்டிய ஆய்வுக் கட்டுரைகளையும் வரிசையாகச் சொல்வதோடு நின்றுவிட்டது. அவர் அப்படி என்னதான் கண்டறிந்தார் என்று கேட்கும் ஒரு பிளஸ் டூ மாணவருக்கு அதில் விடை இல்லை. கல்லூரியில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் குறையை ஓரளவு நிரப்பவே இதை எழுதுகிறேன்.

பெங்களூரில் 1934இல் பிறந்து, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1958இல் டாக்டர் பட்டம் பெற்ற ராவ், அடுத்த ஆண்டே நாடு திரும்பி இந்திய அறிவியல் கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்குச் சென்றார். அந்நாளில் இந்தியாவில் திண்மநிலை வேதியியலில், அதாவது திடப்பொருள்களின் அமைப்பையும் பண்புகளையும் ஆராயும் பிரிவில், ஈடுபட்டவர்கள் மிகச் சிலரே. அவரை ஆட்கொண்ட கேள்வி, சொல்வதற்கு எளிமையானது: ஒரு பொருள் எப்போது உலோகமாக நடந்துகொள்கிறது, எப்போது அந்தக் குணத்தை இழக்கிறது? வனேடியம் ஆக்சைடுகளில் ஒன்று, கடுங்குளிரில் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. வெப்பநிலை சுமார் 150 கெல்வினை (ஏறத்தாழ மைனஸ் 123 டிகிரி செல்சியஸை) தாண்டியதும் அதே பொருள் உலோகம்போலக் கடத்தத் தொடங்கிவிடுகிறது. இத்தகைய ஆக்சைடுகளைத் தூய்மையாகத் தயாரித்து, அவற்றின் அமைப்பையும் மின்பண்புகளையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பைத் தேடுவதே அவருடைய பல ஆண்டுப் பணியாக இருந்தது.

தங்கள் கட்டுரை, பிற்காலத்தில் அவர் ‘நானோ துறைக்கு மாறினார்’ என்கிறது. என் பார்வையில் அவர் மாறவேயில்லை. முன்பு வெப்பநிலையை மாற்றிக் கேட்ட கேள்வியை, பிறகு அளவை மாற்றிக் கேட்டார், அவ்வளவுதான். தங்கத்தை எவ்வளவு சிறிதாக நறுக்கினாலும் அது தங்கம்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் துகளின் விட்டம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டராக, அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறுகும்போது, அதில் இருப்பவை சில பத்து அணுக்கள் மட்டுமே. கட்டித் தங்கத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்கள் இடைவெளியின்றி நெருங்கிக் கிடக்கின்றன. இவ்வளவு சிறிய துகளில் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன. அந்த இடைவெளி திறந்ததும் உலோகத்தன்மை போய்விடுகிறது. தங்கம், வெள்ளி, பல்லேடியம் போன்றவற்றின் நுண்துகள்களில் இது நிகழ்வதை 1990களில் ராவின் குழுவினர் பெங்களூரிலேயே அளந்து காட்டினார்கள். கான்பூரில் தொடங்கிய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான தொடர்ச்சி இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

நானோகுழாய்களில் அவர் குழுவினர் செய்த ஒரு வேலையையும் சொல்லியாக வேண்டும். கார்பன் அணுக்களால் ஆன, சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை விட்டமுள்ள நுண்குழாய்களே கார்பன் நானோகுழாய்கள். அவை வழக்கமாக நேராக வளர்பவை. 2000ஆம் ஆண்டில் இவர்கள், நிக்கல் அடங்கிய ஒரு கரிம உலோகச் சேர்மத்தின் ஆவியை, கந்தகம் கொண்ட தயோஃபீன் ஆவியோடு சேர்த்து, சுமார் 1000 டிகிரி செல்சியஸில் இருந்த உலைக்குழாய் வழியே செலுத்தினார்கள். உள்ளே படிந்த கரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப்போலக் கிளை பிரிந்த குழாய்கள் ஏராளமாகத் தெரிந்தன. அந்தக் கிளைச்சந்தியில் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் தடைபட்டும் செல்கிறது என்பதையும் கண்டார்கள். அதாவது, ஒரு டையோடு செய்யும் வேலையை ஒரு கரிக்குழாயின் கிளை செய்கிறது. உலை, குவார்ட்ஸ் குழாய், வாயு உருளை ஆகியவை எங்கள் ஊர்க் கல்லூரியிலும் உண்டு. அந்தக் கரியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் நுண்ணோக்கிதான் இல்லை. இதை வருத்தத்தோடு எழுதுகிறேன். எங்கள் மாணவர்கள் தயாரித்த மாதிரிகள் வெளியூர் நிறுவனமொன்றின் வரிசையில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கின்றன. படம் வந்து சேர்வதற்குள் ஆய்வேட்டுக்கான கெடுவே முடிந்துபோனதும் உண்டு.

ராவின் தலைமைப் பண்பை நான் மதிப்பது இந்த இடத்திலிருந்துதான். 1976இல் பெங்களூருக்குத் திரும்பியபோது அவர் செய்த முதல் வேலை, திண்மநிலை வேதியியலுக்கென ஒரு தனிப்பிரிவை உருவாக்கியது. 1984 முதல் 1994 வரை இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தார். நேரு நூற்றாண்டான 1989இல், பெங்களூரின் ஜக்கூர் பகுதியில் இன்று இயங்கும் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தை நிறுவினார். இத்தனைக்கும் நடுவே அவர் தம் ஆய்வகத்தை மூடவில்லை. நிர்வாகப் பொறுப்பு வந்ததும் ஆய்வுக்கு முழுக்குப் போட்டுவிடுவோரையே அதிகம் பார்த்துப் பழகிய நமக்கு இது சாதாரணச் செய்தி அன்று. பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழுவின் தலைவராக அவர் இருந்த காலத்தில்தான், 2006இல் தொடங்கி, ஐசர் என்னும் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் உருவாயின. 2007இல் ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசிய நானோ திட்டமும் வந்தது.

குறையையும் மறைக்க வேண்டியதில்லை. 2011இல் அவர் பெயரும் இடம்பெற்ற ஒரு கட்டுரையில் பிறருடைய கட்டுரையிலிருந்த சில வரிகள் அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது தெரியவந்து, அதற்காக ஆய்விதழிடம் மன்னிப்புக் கோரப்பட்டது. முடிவுகள் திருடப்படவில்லை என்பது உண்மைதான். ஆயினும், பெயர் போடும் ஒவ்வொரு கட்டுரைக்கும் மூத்தவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பெருமையாகப் பேசுவதில் எனக்குள்ள தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். நம் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வும் ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டும் தகுதியும் எண்ணிக்கையைப் பார்த்தே தரப்படுவதால், ஒரே முடிவை நாலாக உடைத்து வெளியிடும் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. இந்த நிலையில் 1500 என்ற எண்ணைத் தலைப்பில் போட்டால் இளைஞர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அதற்குப் பதிலாக அவரிடம் பயின்றவர்களைப் பற்றி எழுதலாம். நமக்கு அருகிலேயே, சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் தலப்பில் பிரதீப் இருக்கிறார். பெங்களூரில் ராவிடமும் எம்.எஸ். ஹெக்டேயிடமும் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றவர். வெள்ளி நுண்துகள்களைக் கொண்டு குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லி எச்சங்களை நீக்கும் அவருடைய முறை, 2007இல் வீட்டு வடிகட்டியாகவே சந்தைக்கு வந்தது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானோடு இரும்புச் சேர்மத்தை இணைத்து அவர் குழு உருவாக்கிய ‘அம்ரித்’ வடிகட்டி, மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களின் நிலத்தடி நீரிலிருந்து ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருளைப் பிரித்தெடுக்கிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்ட செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. அந்த வடிகட்டிக்குள் நீர் எப்படித் தூய்மையாகிறது என்பதை எத்தனை இதழ்கள் விளக்கின?

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அறிவியலாளர் ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவருடைய ஒரே ஓர் ஆய்வையேனும் முதலிலிருந்து முடிவுவரை, படத்தோடு, பள்ளி மாணவருக்கும் புரியும்படி விளக்குங்கள். அடுத்து, மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற கருவிகள் எங்கெங்கே உள்ளன, அவற்றில் எவை இயங்குகின்றன, வெளி மாணவருக்கு அவை எந்தக் கட்டணத்தில், எவ்வளவு காத்திருப்புக்குப் பின் கிடைக்கின்றன என்பதைத் தங்கள் செய்தியாளர்களைக் கொண்டு விசாரித்து வெளியிடுங்கள். அந்த விவரம் அச்சில் வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு உயர்கல்வித் துறையிடம் கேள்வி கேட்க எங்களைப் போன்ற ஆசிரியர்களும் பெற்றோரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.