சுன்னத்துக்குப் பின் வரும் கட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சுன்னத்து பற்றி வந்த மருத்துவக் கட்டுரை ரத்தக்கசிவு, வீக்கம், சீழ் என்று முதல் வாரத்துத் தொல்லைகளோடு நின்றுவிட்டது. புண் ஆறி மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்தும் தழும்பில் முளைக்கும் கட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முன்தோலை வெட்டித் தைக்கும்போது மேல்தோலின் துணுக்கு உள்பக்கம் மடிந்து தையலுக்குள் புதைந்துபோவது உண்டு. வெளியில் இருந்தால் உதிர்ந்துபோகும் செல்கள் அங்கே வழியில்லாமல் சேர, சுற்றிலும் ஒரு பை உண்டாகிறது. உள்ளே பிசைந்த மாவு போல வெள்ளையாக இருப்பது சீழல்ல. நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின். மெதுவாகத்தான் வளரும். வலிக்காது என்பதால் யாரிடமும் காட்டமாட்டார்கள். வளர்ந்த பையன் அம்மாவிடம் சொல்லக் கூசுவான், அத்தாவிடம் சொல்லப் பயப்படுவான்.

அரசு மருத்துவமனையில் என்னிடம் வந்தவர்களில் சிலர் வீட்டிலேயே பிதுக்கிப் பார்த்து, சிவந்து வீங்கிய பிறகே வந்தார்கள். பிதுக்கினால் உள்ளிருப்பது வெளியே வரும். பை அங்கேயே இருக்கும், மறுபடி நிரம்பும். ஊசி குத்தி எடுத்தாலும் அப்படித்தான். பையைக் கிழியாமல் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. சீழ் பிடித்திருந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும். எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

எல்லா வெள்ளை முடிச்சும் இதுவல்ல. சின்னப் பிள்ளைகளுக்கு முன்தோல் ஆண்குறியின் மொட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தில் வெள்ளை அழுக்கு முத்துப்போல் திரளும். ஒட்டு தானாகப் பிரியும்போது அது வெளியேறிவிடும், கத்தி வேண்டாம். சந்தேகம் என்றால் மருத்துவரிடம் காட்டிவிடலாம், அவ்வளவுதான்.

கட்டி வந்தாலே 'ஒஸ்தாவின் கைவேலை' என்று, வழிவழியாகச் சுன்னத்து செய்துவிடுபவர் மேல் பழி போடுகிறார்கள். மருத்துவமனையில் தைத்தவர்களுக்கும் வருகிறது. இதை முஸ்லிம் வீட்டு விஷயமாக மட்டும் கட்டுரையாளர் எழுதியதும் எனக்கு ஒப்பவில்லை. சர்க்கரை நோயால் முன்தோல் இறுகி, ஐம்பது வயதுக்கு மேல் இதே அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஆண்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தழும்பு தழும்புதான்.

விடுபட்டதை ஒரு சிறு குறிப்பாகவாவது வெளியிடுங்கள். கோடை விடுமுறையில் நிறைய வீடுகளில் சுன்னத்து வைப்பார்கள். ஏப்ரலுக்கு முன்னால் வந்தால் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர்,
மேலப்பாளையம்.